மணற்காட்டுக்குப் போன கொழுந்து

எங்கள் தோட்டத்தில் நாகலிங்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ட்ரிப் லிங்கம்' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் லிந்துலை டவுனிலிருந்து ஏறி வரும் பாதையில் நிற்கிற நாய்கூட அவர் குடியிருக்கும் வரிசைவீட்டு லயத்தைக் காட்டிவிடும்.

அவருக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், மேல்மாடியில். பறித்து வரும் கொழுந்தைப் பரப்பி, காற்று விட்டு, பதமாக வாட்டி இறக்குவது. அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான தொழில், வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பஸ்ஸைப் பிடித்து எங்களை எல்லாம் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவது. கதிர்காமம், திருகோணமலை, முன்னேஸ்வரம், நயினாதீவு என்று இந்தத் தீவில் அவர் எங்களை இறக்கிவிடாத இடம் குறைவு. அண்டா எந்த சீட்டுக்கு அடியில் போகும், அரிசி மூட்டையில் யார் சாய்ந்துகொள்ளலாம், பாட்டுப் பெட்டியை எந்த ஊரில் நிறுத்த வேண்டும், சண்டைபோட்ட இரண்டு குடும்பங்களை எத்தனை சீட் தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். பஸ் புறப்படுகிற நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தொரைமார்கூட அவ்வளவு மிடுக்காக நிற்க மாட்டார்கள்.

லயத்தில் அவருக்கு அடுத்த அறை, அதாவது அடுத்த காம்பரா, என்னுடையது. டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. வெள்ளைக்காரன் செங்கல் மிச்சம் பிடித்த இடம் அது. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் இஞ்சி தட்டுவோம். லயத்தில் பிறந்தவர்களுக்கு இதிலே ஒரு ஒழுங்கு உண்டு. சுவருக்கு மேலே வருவது காதோடு நின்றுவிட வேண்டும். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று அதைப் பேசுகிறவனை மனிதனாக மதிக்க மாட்டோம். நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்காமல் இருந்ததுமில்லை.

அப்படிக் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு ட்ரிப்பும் முடிந்து வந்த அன்று லிங்கண்ணன் தன் மனைவி இந்திராதேவிக்கு எல்லாவற்றையும் விவரித்துச் சொல்வது. கடல் எப்படி இருந்தது, கோபுரம் எப்படி இருந்தது, எந்தக் குளத்தில் எத்தனை கொக்கு என்று ஒன்று விடாமல் சொல்வார். நானும் அதே பஸ்ஸில்தான் போய் வந்திருப்பேன். ஆனாலும் அவர் சொல்லிக் கேட்கும்போது, 'அடடா, இதை நாம் கவனிக்கவில்லையே' என்று தோன்றும்.

ஏன் சொல்ல வேண்டும்? ஏனென்றால் இந்திராக்கா ஒரு ட்ரிப்புக்கும் வந்ததில்லை. ஊரையெல்லாம் பஸ்ஸில் ஏற்றுகிற மனிதர், கட்டின மனைவியை ஏற்ற முடியாமல் இத்தனை வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

இந்திராக்காவுக்கு வளைவு ஆகாது. நம் மலையில் வளைவு இல்லாத பாதைக்கு எங்கே போவது? லிங்கண்ணன் ட்ரிப் போடத் தொடங்குவதற்கு முன்னால், கல்யாணமான புதிதில் சீதா எலிய கோயிலுக்கு லயமே திரண்டு போனபோது, பாதி வழியில் வயிற்றைப் புரட்டி, மடியில் வைத்திருந்த அர்ச்சனைத் தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார். தேங்காய், பழம், பூ எல்லாம் போயிற்று. அதோடு விட்டிருந்தால் அவர் மறந்திருப்பார். ஆனால் பின் சீட்டில் இருந்த ராசம்மா அக்கா, "சாமிக்கு முன்னுக்கே பிரசாதம் குடுத்திருச்சு இந்தப் புள்ள" என்று சொல்ல, பஸ் முழுதும் சிரித்தது. திரும்பி வந்தும் சிரித்தார்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் நிரைக்கு நிரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு இந்திராக்கா பஸ்ஸை விட்டார். டவுனுக்குப் போவதென்றாலும் குறுக்குப் பாதையில் நடந்துதான் போவார்.

இந்த வருஷக் கதை, யாழ்ப்பாணத்தில் படிக்கும் அவர்களுடைய மகள் நிலக்ஷி லீவுக்கு வந்த இடத்தில் ஆரம்பித்தது. ஆகஸ்ட் மாதத்தில் சில நாட்கள் வானத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் வரிசையாக விழும் என்றும், போன வருஷம் சிநேகிதி ரூபிகாவின் வீட்டுக்குப் போயிருந்தபோது வடமராட்சியில் மணற்காடு என்ற இடத்தில் மணல்மேட்டில் படுத்து அதைப் பார்த்ததாகவும் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மணல், மேலே வானம், நடுவில் வேறு ஒன்றுமில்லை என்றாள்.

அதற்கு இந்திராக்கா சொன்னது சுவருக்கு மேலே வந்தது. "இங்க ஆகஸ்டுல அடுத்த லயத்துக் கூரையே தெரியாது. நான் வானத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு. அத ஒரு தடவ பாத்துட்டா போதும்மா."

தனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று அந்த மனுஷி வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லிங்கண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மறுநாளே கோயில் முன்றலில் ஆட்களைக் கூட்டி, இந்த வருஷம் ட்ரிப் மணற்காட்டுக்கு, இரவு மணலில் படுத்து நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்.

யாரும் அசையவில்லை. வானத்தைப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணம் வரைக்கும் போக வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். ராத்திரி முழுக்கக் குமரிப்பிள்ளைகளை வெட்டவெளியில் படுக்க வைப்பதா என்று இன்னொருவர். கக்கூஸ் எங்கே என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு நியாயமான கேள்வி வந்தது. லிங்கண்ணன் லேசில் விடுகிற ஆளில்லை. காம்பராவுக்குப் போய்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தார். மகள் சொன்ன நாளில் விரலை வைத்தார். ஆடி அமாவாசை.

அதற்குமேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. தகப்பனை இழந்தவர்கள் எங்கள் லயத்தில் பாதிப் பேர். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகித் தகப்பனுக்குக் கடன் கழிக்கக் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? காலையில் கீரிமலை, பொழுதுபட மணற்காடு, நிலா இல்லாத வானம். நிலக்ஷிகூட வாயைப் பிளந்தாள். அவளுக்கு அமாவாசை மட்டும்தான் தெரிந்திருந்தது, கீரிமலை தோன்றவில்லை. ரூபிகாவின் வீட்டார் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். மறுபடி முறைத்தவர்கள் ஆண்கள்தான். அமாவாசை விரதமென்றால் கோழி கிடையாது, மற்றதும் கிடையாது. கோழியும் இல்லாமல் போத்தலும் இல்லாமல் மணலில் மல்லாந்து கிடப்பதற்குப் பெயர் ட்ரிப்பா என்று நொந்துகொண்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். மறைக்க வேண்டியதில்லை.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மேலே கட்டத் தறப்பாள் என் கடையிலிருந்து வந்தது. கூடாரம் என்று நிலக்ஷி போனில் காட்டியவை எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அதில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆளின் கால் வெளியே கிடக்கும். பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற படங்கை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால் மணலில் விரிக்கலாம், பனி பெய்தால் போர்த்தவும் செய்யலாம் என்றார்கள்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் ராசம்மா அக்கா இஸ்தோப்புக்கு வந்து குந்தினார். எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சையாக எதையாவது பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது. மணலில் பச்சைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டார். நிலக்ஷி, அங்கே சவுக்கந்தோப்பு இருக்கிறது, ஆனால் படுக்கப் போகிற மேட்டிலிருந்து தூரம் என்றாள். அந்தப் பதில் போதவில்லை. அன்று பின்னேரமே ஏழெட்டுப் பெண்கள் பின்வாங்கினார்கள். தகப்பனுக்குக் கடன் கழிக்கப் போன இடத்தில் புதிதாகத் தோஷம் வாங்கிக்கொண்டு வர யாருக்கு மனம் வரும்? பஸ் பாதி காலியாகும் போலிருந்தது. லிங்கண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ராசம்மா அக்காவின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அடுப்படியிலிருந்து வெளியே வந்த இந்திராக்கா ஒன்றும் நடக்காதது போலச் சொன்னார். "வருசம் பூரா பச்சையத்தானே பாத்துச் சாகுறோம். அதுல ஒரு பிடி எடுத்துட்டுப் போறது பெரிய காரியமா?"

லயத்துக்குப் பின்னால் வேலியோரம் தானாக முளைத்த தேயிலைச் செடிகள் நாலைந்து நிற்கின்றன. அதில் கொழுந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, ஆளுக்கு ஒரு கொத்துக் கொடுத்துவிடலாம் என்றார். ராசம்மா அக்கா யோசித்துப் பார்த்து, தேயிலையும் பச்சைதான் என்று ஒப்புக்கொண்டார். லிங்கண்ணன் எழுந்து, துணியைத் தானே நனைத்துக் கட்டிக் கொண்டு போவதாகச் சொன்னார்.

இந்திராக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கு வாட்டத்தான் தெரியும். வாடாம வச்சிருக்கத் தெரியாது. வழியெல்லாம் தண்ணி தெளிக்கணும். நானே கொண்டு வாரேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். லிங்கண்ணன் விரலை மடக்கி, பஸ்ஸின் சீட்டுக் கணக்கில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டார். ராசம்மா அக்கா தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து சுவருக்கு மேலே வேறு வகையான பேச்சு வரத் தொடங்கியது. இந்திராக்காவுக்குப் பயம் விடவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டாரே தவிர, மறுபடியும் எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டுவிடுவேனோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லிங்கண்ணன் அதற்கு ஒரு திட்டம் சொன்னார். வயிற்றைப் புரட்டுகிற வளைவுகளுக்கு முன்னால் எல்லாம் பஸ் நிற்கும். தலவாக்கலையில் எலுமிச்சம்பழம் வாங்க, ஹட்டனில் சூடம் வாங்க, வட்டவளையில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற, கினிகத்தேனையில் பிளேன்டீ குடிக்க. டிரைவர் தரணிதரனுக்கு மட்டும் தெரியும். மற்ற யாருக்கும் இது உனக்காக என்று தெரியவே தெரியாது என்றார். "ஒரு குஞ்சுக்கும் தெரியாது, நான் பாத்துக்கிறேன்" என்று அடித்துச் சொன்னார்.

இந்தச் சுவரை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அதைச் சொன்னார். என் மனைவி இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்களுக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்காவுடையது. அங்கிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

புறப்படுகிற நாள் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் முன் கண்ணாடியில் மாரியம்மன் படம், வேப்பிலை, மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இந்திராக்கா முன் சீட்டில், மடியில் ஈரத்துணிப் பொட்டலத்தோடு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

தலவாக்கலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். லிங்கண்ணனின் அடுத்த நிறுத்தம் ஹட்டன். ஆனால் இந்திராக்காவின் கழுத்து விறைப்பதைப் பின்னாலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் கை வாய்க்குப் போவதற்கு முன்பே ராசம்மா அக்காவின் குரல் வந்தது.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க. எனக்கு ஒரு மாதிரியா வருது."

பஸ் நின்றது. ராசம்மா அக்கா இறங்கி, முன் சீட்டைத் தட்டி, தனியாக நிற்கப் பயமாக இருக்கிறதென்று இந்திராக்காவையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். குளிர்காற்றில் இரண்டு பேரும் நின்றுவிட்டு வந்து ஏறினார்கள். ராசம்மா அக்காவுக்கு வயிறா புரட்டும்? பஸ் தலைகீழாகப் போனாலும் அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற மனுஷி அவர். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

அதோடு வழி திறந்துவிட்டது. அடுத்த வளைவுக்கு முன்னால் யாருக்கோ தலைசுற்றல். அதற்கடுத்து ஒருவருக்குச் செருப்பு வெளியே விழுந்துவிட்டது. எடுக்காமல் போக முடியாது. வட்டவளைக்குக் கிட்ட என் முறை வந்தது. எனக்குக் கால் மரத்துவிட்டது என்றேன். ட்ரிப்புகளிலேயே எனக்குப் பெருமையான காரியம் அதுதான். விஷயம் ஒன்றும் தெரியாதவர் அந்த பஸ்ஸில் லிங்கண்ணன் ஒருவர்தான். அவருடைய நிறுத்தங்கள் வேறு, எங்கள் நிறுத்தங்கள் வேறு என்று இரண்டும் சேர்ந்து பஸ் நகர்ந்ததே பெரிய காரியம். அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்புடி நின்டு நின்டு போனா ஆடி முடிஞ்சு ஆவணியிலதான் போய்ச் சேருவோம். ஒங்க எல்லாருக்கும் இன்னைக்கு என்னதான் வந்துச்சு?" என்று எழுந்து நின்று ஏசினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

கினிகத்தேனை இறக்கத்தில் ஒருமுறை இந்திராக்காவால் முடியவில்லை. வாந்திக்கென்று வைத்திருந்த பையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்த எல்லோரும் மறுபக்கத்து ஜன்னலால், வாழ்நாளில் கண்டிராதது போல மலையைப் பார்த்தோம். அங்கே இருட்டும் பனியும் தவிர ஒன்றுமில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழமும் தண்ணீரும் நீட்டியது. அது ராசம்மா அக்காவின் கை. இந்திராக்கா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

நாவலப்பிட்டி, கண்டி எல்லாம் கழிந்து பாதை நேராகியது. இந்திராக்கா திரும்பி எங்களை ஒரு தரம் பார்த்தார். "இப்ப எல்லாருக்கும் வயிறு சரியாகிருச்சா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். என்ன சிரிப்பு என்று லிங்கண்ணன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் கீரிமலையில் முழுகினோம், தகப்பன்மாரை நினைத்தோம், கோழியில்லாமல் சோறு தின்றோம். பொழுதுபட மணற்காடு. ஒரு செடிகூடக் கண்ணில் படாத ஒரு நிலத்தில் நான் நின்றது அன்றுதான். மணல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கிடந்தது. பெண்கள் படங்குகளை வரிசையாக விரித்தார்கள், மலையில் நிரை பிடிப்பது போலவே. பழக்கம் எங்கே போகும்? நிலக்ஷி போன் வெளிச்சம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டாள். படுத்தோம். அவ்வளவு வானம் இருக்குமென்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

முதலாவது, வடக்குப் பக்கமிருந்து வெள்ளைக் கோடாக வந்து மறைந்தது. வரிசை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. உடனே ராசம்மா அக்கா, "பச்ச எங்க? பச்சையக் குடுங்க" என்றார்.

இந்திராக்கா பொட்டலத்தைப் பிரித்துக் கொத்துக் கொத்தாகக் கை மாற்றினார். வாங்கியவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அமாவாசை இருட்டில் கொழுந்தும் கறுப்பு, கையும் கறுப்பு. வெளிச்சம் போடு என்று ராசம்மா அக்கா. போடக் கூடாது என்று நிலக்ஷி. இத்தனை நாள் கூட்டம் போட்டுப் பேசினோமே, இதை ஒருத்தர் நினைத்தோமா?

"கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, மோந்து பாருங்கக்கா" என்றார் இந்திராக்கா. "பச்சையா இல்லையான்னு நம்ம மூக்குக்குத் தெரியாதா?"

மோந்து பார்த்தோம். என்னதான் தண்ணீர் தெளித்தாலும் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பஸ்ஸில் வந்த கொழுந்து. பாதி வாடிவிட்டிருந்தது. வாடினால்தான் தேயிலைக்கு வாசம் வரும். ஸ்டோர் மேல்மாடியைக் கடந்து போகும்போது வருமே, பூவும் பழமும் கலந்தது மாதிரி ஒன்று, அந்த வாசம் அந்த மணல் முழுக்கப் பரவியது. ராசம்மா அக்கா திருப்தியாகப் படுத்துவிட்டார்.

எனக்குப் பக்கத்துப் படங்கு அவர்களுடையது. இங்கே சுவரே இல்லை. இந்திராக்கா மெதுவாகப் பேசியது கேட்டது.

"என்னங்க, இது ஒங்க ஸ்டோர் சட்ட வாசம். ட்ரிப்புக்கு நீங்க போற நாளெல்லாம் அந்தச் சட்டயத்தான் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படுப்பேன்."

லிங்கண்ணன் சொன்னார். "போற எடமெல்லாம், இத வந்து ஒனக்குச் சொல்லணும், அத வந்து சொல்லணும்னு மனசுல எடுத்து வச்சுக்கிட்டே இருப்பேன். எதையும் ஒழுங்கா பாத்ததில்ல. இன்னைக்குத்தான் சும்மா பாக்குறேன்."

கேட்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நட்சத்திரம் விழுந்தபோது, இந்திராக்காதான் முதலில் கையை நீட்டி அவருக்குக் காட்டினார்.